கொட்டாய்க்குக் கொட்டாய்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சிகளில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அதற்கு முன்பும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இதே நிலைதான். பத்து வருடத்துக்குள் இரண்டு முறை, "இதை யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்று ஊர் நின்றிருக்கிறது. அடுத்து வந்து உட்காரும் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அந்தச் சலிப்பையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

ஊராட்சிக்குப் புதியவர்களுக்காக எழுதப்பட்டது இது. தலைவர், உறுப்பினர், மகளிர் குழுப் பொறுப்பாளர், ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று இறங்கும் இளைஞர் எல்லோரும் இதில் அடக்கம். "எங்களை நம்புங்கள்" என்று கேட்பதால் யாரும் நம்பப் போவதில்லை. நீங்கள் சொன்னது உண்மையா என்று ஊர்க்காரர் யாரையும் கேட்காமல் தானே போய்ப் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். கீழே உள்ள எல்லா வேலையும் அதற்காகத்தான்.

முதல் இரண்டு வாரம்: நடந்து பாருங்கள்

நம் பக்கத்து ஊராட்சிகள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை. தாய் கிராமம் ஒன்று, காலனி ஒன்று, அதைச் சுற்றி நிலத்துக்குள் சிதறிய கொட்டாய்கள் என்னும் சிறு குடியிருப்புகள். ஆளின் பெயரில் ஒரு கொட்டாய், மரத்தின் பெயரில் ஒரு கொட்டாய், ஐந்தே வீட்டுக்கு ஒரு கொட்டாய் என்று இருக்கும். ஊராட்சி அலுவலகம் இருக்கிற தெருவில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து, ஊரே நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிச் செயலரையும் அந்த வார்டு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கொட்டாய்க்கும் நடந்தே போங்கள். ஜீப் வேண்டாம். ஒரு கொட்டாய்க்கு ஒரு பக்கம். எத்தனை வீடு, தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, கடைசிக் குழாய் யார் வீட்டருகே, எரியாத விளக்கு எத்தனை, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். நடக்கும்போது வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். "எழுதிக்கிட்டேன், இந்தத் தேதிக்குள்ள பதில் சொல்றேன்" என்பதோடு நிறுத்துங்கள். முதல் வாரத்தில் உற்சாகத்தில் சொன்ன "பண்ணிடலாம்மா", ஆறாவது மாதம் பொய்யாகத் திரும்பி வரும்.

அதே நடையில் தெருவிளக்குக் கம்பங்களுக்குப் பெயின்ட்டில் எண் போட்டுவிடுங்கள். கொட்டாயின் பெயருக்கு இரண்டு எழுத்து, பிறகு வரிசை எண். ஒரு டப்பா பெயின்ட், ஒரு தூரிகை, இரண்டு நாள் வேலை. அதன்பிறகு "எங்க தெருவுல லைட்டு எரியல" என்ற புகார் "மு.கொ. 7 எரியல" என்று வரும். எலக்ட்ரீஷியன் தேடி அலைய வேண்டாம். சரிசெய்த தேதியையும் எண்ணோடு சேர்த்து எழுதிவைக்கலாம்.

தண்ணீரில் தொடங்குங்கள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஊராட்சி மீதான கோபம் பெரும்பாலும் குடத்தில்தான் தொடங்கும். ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்), அதில் வரும் புளோரைடு, ஒரு நாள் வந்து இரண்டு நாள் வராத ஒகேனக்கல் தண்ணீர் என்று காரணங்களுக்குக் குறைவில்லை. சாலை போட ஒரு வருடம் ஆகலாம். தண்ணீர் விடும் நேரத்தை ஒழுங்குபடுத்த ஒரு வாரம் போதும். அதனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

முதலில் கணக்கு. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 400 பேர் இருக்கும் குடியிருப்புக்கு 22,000 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருந்தால் ஒரு முறை நிரப்பினாலே போதுமானது. போதவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது. தொட்டி நிரம்பும் முன்பே வால்வைத் திறக்கிறார்கள், அல்லது எங்கேயோ லைன் உடைந்திருக்கிறது, அல்லது வழியில் யாரோ நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். மூன்றாவது காரணத்தை எல்லோரும் அறிவார்கள், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தனி ஆளைக் குறிவைத்துப் போனால் சண்டைதான் மிஞ்சும். தண்ணீர் விடும் நேரத்தில் தெரு முழுக்க நடந்து, எல்லா இணைப்பையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து நேரம். டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு நோட்டு கொடுங்கள். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், கரண்ட் போன நேரம், எந்தத் தெருவுக்கு எப்போது வால்வு திறந்தது. நான்கு பத்தி போதும். தண்ணீர் விடும் கிழமையையும் நேரத்தையும் தொட்டியின் தூணிலேயே பெயின்ட்டில் எழுதுங்கள். தண்ணீர் விட முடியாத நாளில், முந்தின இரவே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். "போர் மோட்டார் காயில் போயிடுச்சு, வியாழக்கிழமை காலையில வரும்" என்று தெரிந்தால் பக்கத்துத் தெருவில் நாலு குடம் பிடித்துவைத்துக்கொள்வார்கள். ஒன்றும் தெரியாமல் காலை ஐந்து மணிக்கு எழுந்து குழாயடியில் நின்று ஏமாந்தவர்கள்தான் மறியலுக்கு வருவார்கள்.

சுத்தம். மாதம் இரண்டு முறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தொட்டியைக் கழுவுவது வழக்கம். கழுவிய தேதியைத் தொட்டியின் சுவரில் எழுத வேண்டும். ஆனால் ஏணியில் ஏறாமலே தேதியை மட்டும் மாற்றி எழுதிவிடும் ஊர்களும் உண்டு. கழுவும்போது கீழே ஊர்க்காரர் இருவர் நின்று, அழுக்குத் தண்ணீர் வெளியேறுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஏற்பாடு இருந்தால் இந்தக் குறுக்குவழி அடைபடும். குளோரின் சேர்க்க 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். திறந்து கிடந்த மூட்டைப் பவுடரில் வீரியம் போயிருக்கும். அளவு சரியாகப் போட்டும் கடைசிக் குழாயில் குளோரின் தெரியவில்லை என்றால் முதலில் மூட்டையைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

புளோரைடு தனிச் சங்கதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு வளைவும் வரும். காய்ச்சினால் போய்விடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்றப் புளோரைடு அடர்த்தியாகத்தான் ஆகும். ஜப்பான் நிதி உதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. ஆனால் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்தால் அந்தப் பயன் பாதி போய்விடுகிறது. முடிந்த இடத்தில் இரண்டுக்கும் தனித் தொட்டி, தனிக் குழாய் வைத்து, "குடிக்க, சமைக்க" என்றும் "மற்ற புழக்கத்துக்கு" என்றும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். முடியாத இடத்தில் எந்த நாள் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதையாவது சொல்லுங்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பெட்டி பெரும்பாலும் அலுவலக பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். எடுத்துக் கொடுங்கள். ரசாயனத்தின் காலாவதித் தேதியை முதலில் பார்க்க வேண்டும். ஊற்று மூலம், தொட்டி, கடைசிக் குழாய் என்று மூன்று இடத்தில் எடுத்து, முடிவை அன்றே ஊருக்குச் சொல்ல வேண்டும். நிறத்தை வைத்துச் சொல்லும் இந்தச் சோதனை தோராயமானதுதான். சந்தேகமாக இருந்தால் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யுங்கள். முடிவு மோசமாக வந்தால் மறைக்கத் தோன்றும். மறைத்த ஊராட்சியின் நல்ல முடிவையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

கணக்கு சுவரில் இருக்கட்டும்

ஊராட்சி அலுவலக வெளிச்சுவரில், பூட்டிய கேட்டுக்கு உள்ளே போகாமல் சாலையில் நின்றே படிக்கிற இடத்தில், ஆறடிக்கு நாலடி கரும்பலகை அடியுங்கள். மாதம் 5ஆம் தேதிக்குள் போன மாதக் கணக்கு அதில் வந்துவிட வேண்டும். தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. வரவில் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், அரசு மானியம் என்று தனித்தனியாக.

செலவை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "குடிநீர்ப் பராமரிப்பு" என்று ஒரு பெரிய தொகையை எழுதினால் படிப்பவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். எந்தப் போர், காயில் கட்டியதா, கேபிள் மாற்றியதா, மோட்டார் தூக்க எத்தனை ஆள், கடைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அந்தத் தெருக்காரருக்கு மோட்டார் தூக்கிய நாள் நினைவிருக்கும், தொகை சரியா என்று அவரே ஒத்துப்பார்த்துக்கொள்வார். "இதர செலவு" என்ற தலைப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள். ஊர்ப் பேச்சு முளைப்பதே அந்த ஒரு வரியில்தான்.

வரி வாங்கினால் அன்றே ரசீது. ஆன்லைனில் கட்டத் தெரிந்தவர்களுக்கு வழி சொல்லிக் கொடுங்கள். தெரியாதவர்களிடம் ரசீது இல்லாமல் பணம் வாங்குவதை அடியோடு நிறுத்துங்கள். "அப்புறம் போட்டுத் தர்றேன்" என்று யார் சொன்னாலும் சரி. வரி பாக்கியுள்ளவர்களின் பெயரைப் பலகையில் எழுதி அவமானப்படுத்துவது சில இடங்களில் நடக்கிறது. அதனால் வரி வந்துவிடாது, பகைதான் வரும். ஒரு கொட்டாயில் வசூலான வரி எவ்வளவு, அந்தக் கொட்டாய்க்குச் செலவானது எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான கொட்டாயில் செலவுதான் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்தபின் பேச்சே மாறும்.

காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஏற்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். இருவரும் முறைத்துக்கொண்டால் தூய்மைப் பணியாளரின் சம்பளமும் மின்கட்டணமும் நின்றுபோகும். பில்களை மாதம் இரண்டு குறிப்பிட்ட நாளில் மட்டும், உறுப்பினர்கள் முன்னால் வைத்துப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கத்தை முதல் மாதமே தொடங்குங்கள். வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் வேண்டாம். வீட்டு வாசலில் காத்திருக்கும் பில்லுக்கு விலை பேசப்படும்.

மனு நோட்டு

வரும் ஒவ்வொரு குறையும் ஒரே நோட்டில் ஏற வேண்டும். வாயால் சொன்னாலும், போனில் சொன்னாலும், டீக்கடையில் சொன்னாலும். வரிசை எண், தேதி, பெயர், கொட்டாய், குறை, யார் செய்ய வேண்டியது, எப்போது பதில், என்ன பதில். சொன்னவருக்கு எண்ணும் தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்.

வந்ததை மூன்றாகப் பிரியுங்கள். விளக்கு, குழாய், சாக்கடை, குப்பை போன்றவை ஊராட்சியே செய்யக்கூடியவை. புதிய சாலை, தொட்டி, வீட்டுத் திட்டம் போன்றவை வட்டார வளர்ச்சி அலுவலகம் வழியாகப் போக வேண்டியவை. பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, மின் இணைப்பு எல்லாம் வேறு துறை. மூன்றாவது வகைதான் உங்கள் பெயரைக் கெடுக்கும், ஏனென்றால் ஊருக்கு எல்லாமே "கவர்மென்ட்டு"தான். "இது எங்க வேலை இல்ல" என்று அனுப்பாமல், எந்த அலுவலகம், என்ன ஆவணம், எந்த நாள் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள், முதல்வரின் உதவி மையம் 1100, ஊராட்சிகளுக்கான 'ஊராட்சி மணி' 155340 ஆகியவற்றை நீங்களே சுவரில் எழுதிவையுங்கள். உங்களைப் பற்றியே புகார் போகும் என்று பயந்து இந்த எண்களை மறைக்கிறவர்கள் உண்டு. எண்ணை எழுதிவைத்தவர் மேல் வரும் புகார்தான் குறைவு.

ஏழு நாளில் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை, பதில் போயிருக்க வேண்டும். "இந்த வருஷம் நிதி இல்ல, அடுத்த திட்டத்துல வைக்கிறோம்" என்பதும் பதில்தான். ஊர் முடியாது என்பதைத் தாங்கிக்கொள்ளும். "பாக்கலாம்" என்பதைத்தான் தாங்காது.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சிகள் தினமும் 2022இல் சேர்க்கப்பட்ட பிறகு வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் இதன் உறுப்பினர்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

இந்தக் குறைவெண்தான் முதல் பொய்க்கு வழிவிடுகிறது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, தீர்மானம் எழுதும் முன்பே காலிப் பக்கத்துக்குக் கீழே கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் பழைய பழக்கம். கையெழுத்துப் போட்டவர் படிக்காதவராக இருக்கலாம். தான் எதற்குப் போட்டோம் என்று தெரியாது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆள் சேரவில்லை என்றால் சேரவில்லை என்று எழுதி, வேறு நாள் வையுங்கள். ஒரு முறை இப்படி உண்மையாகத் தள்ளிவைத்தால் அடுத்த முறை ஆள் வரும்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

பதினைந்து நாள் முன்பு: கொட்டாய்வாரியாகச் சிறு கூட்டம். மாலை ஏழு மணிக்கு மேல், மாடு கட்டி, பால் ஊற்றி முடித்த பிறகு. அரை மணி நேரம் போதும். மூன்று கோரிக்கைக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அங்கேயே சொல்லி, எது முதல், எது இரண்டாவது என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களிடம் போனில் கேட்டு எழுதுங்கள். இந்த மாவட்டங்களில் அவர்களை விட்டுவிட்டு ஊர்க் கருத்து என்று ஒன்று கிடையாது.

ஏழு நாள் முன்பு: அறிவிப்பு. தண்டோரா போடும் வழக்கத்தை 2022இல் தமிழக அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி எல்லாக் கொட்டாய்க்கும் போக வேண்டும். பொருள் பட்டியலை ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளி, பஸ் நிறுத்தம் ஆகிய நான்கு இடத்தில் ஒட்டுங்கள். பால் சொசைட்டியை விட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் ஊரின் பாதிப் பேர் அங்கே வருவார்கள்.

இடம்: சுழற்சி முறையில் மாற்ற வேண்டும், கோயில், சர்ச், மசூதி போன்ற மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஊர்த் தெருவிலேயே நடத்தினால் காலனிக்காரர்கள் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். காலனியில் நடத்தினால் ஊர்த் தெருவிலிருந்து சிலர் வரமாட்டார்கள். அதற்காகச் சுழற்சியை உடைக்காதீர்கள். முதல் இரண்டு முறை முணுமுணுப்பு இருக்கும். தலைவர் காலனிக் கூட்டத்தில் தரையில் அவர்களோடு உட்கார்ந்து அதே டம்ளரில் டீ குடித்தால் முணுமுணுப்புக்கு நீளம் குறையும். வருபவர்களுக்கு நிழல், தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை வசதி அவசியம். மே மாத வெயிலில் பந்தல் இல்லாமல் இருநூறு பேரை உட்கார வைக்க முடியாது.

அன்று: முதல் பொருளாகப் போன கூட்டத்தின் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்து, முடிந்தது, பாதியில் நிற்கிறது, தொடங்கவில்லை என்று சொல்லுங்கள். இதைச் செய்யும் ஊராட்சிகள் குறைவு, ஆனால் இந்த ஒன்றைச் செய்தாலே கூட்டத்தின் குணம் மாறிவிடும். அடுத்து வரவு செலவு. படிவம் 30 என்று சொல்லப்படும் ஆண்டுக் கணக்கை அப்படியே வேகமாக வாசித்தால் யாருக்கும் புரியாது. பத்து வரியில் சுருக்கி பேனரில் எழுதிக் கட்டுங்கள், முழுப் படிவத்தை மேசையில் புரட்டிப் பார்க்க வையுங்கள். பிறகு கொட்டாய்களின் கோரிக்கைகள். பிறகு பயனாளிகள் பட்டியல்.

பயனாளிகள் பட்டியல் வரும்போது கூட்டம் சூடாகும், அது நல்லதுதான். வீட்டுத் திட்டத்துக்குத் தேர்வானவர்களின் பெயரோடு நின்றுவிடாமல், விண்ணப்பித்துக் கிடைக்காதவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தையும் வாசியுங்கள். "பில் போட இவ்வளவு" என்று எவர் கேட்டாலும் தர வேண்டாம், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் செய்யலாம் என்பதைத் தலைவரே மைக்கில் சொல்ல வேண்டும். உங்கள் சொந்த ஆட்கள் காதிலும் விழட்டும்.

முதலில் பெண்கள் பேசட்டும், பிறகு ஆண்கள். இந்த ஒரு மாற்றம் போதும். எழுபது வயதுப் பெரியவர் முதலில் பேசி முடித்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த மருமகளும் எழுந்திருக்கமாட்டாள்.

தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி, அங்கேயே வாசித்து, அதற்குக் கீழே காலி இடம் விடாமல் கையெழுத்து வாங்குங்கள். "சாலை அமைக்க ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அடுத்த முறை யாரையும் கேட்க முடியாது. எந்தத் தெரு, யார் வீட்டிலிருந்து யார் நிலம் வரை, எத்தனை மீட்டர், யாருக்கு எந்தத் தேதிக்குள் எழுதப்படும் என்று இருக்க வேண்டும். ஒப்பமிட்ட பக்கங்களைப் போன் கேமராவில் எடுத்து அன்று மாலையே ஊர் வாட்ஸப் குழுவில் போடுங்கள். அந்தக் குழுவில் அறிவிப்பு போடுபவர் மட்டும் எழுதும்படி வையுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் அது அரசியல் வீடியோக் குழுவாகிவிடும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, பயனாளியின் போன் எண் எதுவும் அதில் வரக் கூடாது.

வேலை நடக்கும் இடத்தில் டேப்

சிமென்ட் சாலை போடும்போது மதிப்பீட்டின் நகலை வாங்கி வாருங்கள். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனம் என்று இருந்தால் கான்கிரீட் 45 கன மீட்டர் வர வேண்டும். நடுவில் பார்த்தால் பதினைந்து, ஓரத்தில் பத்து என்று இருக்கும், அங்கேதான் காசு ஒளிந்திருக்கும். பலகை அடிக்கும்போதே, கான்கிரீட் கொட்டும் முன், இரண்டு ஓரமும் நடுவும் அளக்க வேண்டும். கொட்டிய பிறகு அளப்பது சண்டைக்குத்தான் உதவும். நம்மூர் வெயிலில் ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாத சாலை முதல் மழையிலேயே பொடியுதிரும். அந்தத் தெருவில் உள்ள ஒரு வீட்டுக்காரரிடம் தண்ணீர் நிறுத்தும் பொறுப்பைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

பணிப் பலகை வேலை தொடங்கும் நாளே நிற்க வேண்டும்: திட்டம், தொகை, அளவு, தொடங்கிய நாள், ஒப்பந்தக்காரர். முடிந்து திறப்பு விழா அன்று வைக்கும் பலகையால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை.

யாரிடம் எதைக் கொடுப்பது

தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தால் அவருக்கு உடம்பு சரியில்லாத வாரம் ஊராட்சியே படுத்துவிடும். சட்டப்படி நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மைக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு என்று இருக்கின்றன. பெரும்பாலும் இவை தீர்மானப் புத்தகத்தோடு முடிந்துவிடும். உயிர் கொடுக்க வேண்டுமானால் பதவியைக் கொடுக்காமல் வேலையைக் கொடுங்கள். ஒருவருக்குக் கடைசிக் குழாய்ச் சோதனை, ஒருவருக்கு விளக்குக் கம்ப நோட்டு, ஒருவருக்குக் கணக்குப் பலகை எழுதுவது. ஒவ்வொரு கொட்டாய்க்கும் இருவர், ஒருவர் பெண், ஒருவர் முப்பது வயதுக்குள். ஆறு மாதம் மட்டும். பிறகு ஆள் மாற வேண்டும். மாறும்போது பழையவர் ஒரு மாதம் கூட இருந்து கற்றுக்கொடுக்கட்டும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் இதற்குள்தான் இருந்தது. மூன்று தலைமுறைப் பெண்கள் இங்கே தீர்மான நோட்டு எழுதி, வங்கிக்குப் போய், கடனை வசூலித்துப் பழகியிருக்கிறார்கள். ஊராட்சி அவர்களை அழைப்பதோ கிராம சபையில் தலை எண்ணிக்கைக்கும், அமைச்சர் வரும்போது கோலம் போடவும்தான். கணக்குப் பலகையைக் குழு ஊக்குநர்களிடம் கொடுத்துப் பாருங்கள். கூட்டலில் பிழை வராது, "இந்தப் பில்லு எங்க?" என்று கேட்கவும் தயங்கமாட்டார்கள்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவி நாற்காலியில், பேசுவது அவர் வீட்டுக்காரர் என்ற நிலை எங்கும் உண்டு. முதல் கூட்டத்திலேயே உறுப்பினர் அல்லாதவர் மேசைக்கு முன்னால் உட்காரக் கூடாது என்ற விதியைப் போடுங்கள். புதிய தலைவி என்றால் முதல் மூன்று மாதம் ஊராட்சிச் செயலர் ஒவ்வொரு பில்லையும் அவரிடமே விளக்கட்டும், கணவரிடம் வேண்டாம். வட்டார அலுவலகத்திலிருந்து வரும் போன் அழைப்பும் அவர் எண்ணுக்கே வரவேண்டும். கணவர் எண்ணை அலுவலகப் பட்டியலில் கொடுத்துவிட்டு, பிறகு அதிகாரம் போய்விட்டது என்று வருந்துவதில் பயனில்லை.

மலையும் எல்லையும்

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் மேலே சொன்னதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த நினைவு உள்ள ஊர்களில் அரசுக் கையெழுத்து கேட்டால் ஒதுங்குவது அறியாமையால் அல்ல. எதற்குக் கையெழுத்து என்பதை வாசித்துக் காட்டி, நகலை அங்கேயே விட்டு வாருங்கள். மலையேற வேண்டிய நாளில் மருத்துவ முகாமையோ சான்றிதழ் முகாமையோ சேர்த்து வையுங்கள், கூலி இழந்து வருபவருக்கு ஏதாவது ஒரு வேலையாவது முடிந்திருக்க வேண்டும்.

தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. தீர்மானம் தமிழில் எழுதினாலும் வாசிக்கும்போது அந்த மொழியில் ஒருவர் சொல்லட்டும். யானை வரும் பகுதியில் மாலைக் கூட்டம் வேண்டாம், விளக்குக் கோரிக்கையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எடுங்கள்.

ஓசூர் மாநகராட்சியின் 45 வார்டுகளிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளின் வார்டுகளிலும் கிராம சபைக்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. ஆட்கள் வேலைக்குப் போய்விடும் நகரத்தில் ஞாயிறு காலை பத்து மணி நல்ல நேரம். மற்றபடி பலகை, நோட்டு, டேப் எல்லாம் இதேதான்.

போகும்போது விட்டுப் போக வேண்டியது

ஐந்து வருடம் முடியும்போது அடுத்து யார் வருவார் என்று உங்களுக்குத் தெரியாது. தேர்தல் தள்ளிப்போனால் தனி அலுவலர் வருவார், அவருக்கு உங்கள் கொட்டாய்களின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. கடைசி ஆறு மாதத்தில் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். ஒவ்வொரு போரின் ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன், கடைசியாகக் காயில் கட்டிய தேதி. குழாய் லைன் எந்தெந்த இடத்தில் பூமிக்குள் போகிறது, கேட் வால்வுகள் எங்கே என்று கையால் வரைந்த படம், ஏனென்றால் இது பல ஊர்களில் வயதான ஆபரேட்டர் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கும். நிலுவையில் உள்ள தீர்மானங்கள், பாக்கி பில்கள், மனு நோட்டின் முடியாத எண்கள், கொட்டாய்ப் பொறுப்பாளர்கள் பட்டியல். மூன்று நகல்: ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு ஒப்புகை பெற்று, ஒன்று ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பிடம். கடைசி கிராம சபையில் அந்தக் கோப்பின் முதல் பக்கத்தை வாசித்து, யார் யாரிடம் நகல் இருக்கிறது என்பதைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள்.